வலைத்தளங்களின் வாழ்நாள்

நுழையும்முன்

ஓலையில் எழுதியவை செல்லுக்கு இரையாயின. தாளில் அச்சிட்டவை பழுப்பேறி உதிர்ந்தன. திரையில் எழுதியவை என்னாகும்? இணையத்தில் ஏற்றிவிட்டால் எதுவும் அழியாது என்னும் எண்ணம் பலரிடமும் உண்டு. அது எந்த அளவிற்கு உண்மை என்பதை, வலைத்தளங்களை வடிவமைத்துத் தருவோரின் பழைய பணிகளே காட்டும். அப்பணிகளுள் மறைந்தவை எவை, நிலைத்தவை எவை, அவற்றிற்கான காரணங்கள் யாவை என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

பணித்தொகுப்பில் காணும் வெற்றிடங்கள்

எந்த நிறுவனத்திலும் ஊதியப் பணியாளராகச் சேராமல், தம் திறனை நம்பித் தனியாகத் தொழில் செய்யும் வலைவடிவமைப்பாளர்கள் பலர் உள்ளனர். துணிக்கடை, பள்ளி, மருத்துவமனை, திருமண மண்டபம், சிற்றிதழ் என வேண்டுவோர்க்கு வேண்டிய வண்ணம் தளம் அமைத்துத் தருவது இவர்தம் தொழில். புதிதாகப் பணி தர வருபவர், “இதற்கு முன் எந்தெந்தத் தளங்களை அமைத்துள்ளீர்கள்?” என்றுதான் முதலில் கேட்பார். அதனால், தாம் அமைத்த தளங்களின் முகவரிகளையும் முகப்புப் படங்களையும் வடிவமைப்பாளர்கள் தொகுத்து வைத்திருப்பர். இதனைப் பணித்தொகுப்பு என்பர்.

இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் இத்தொழிலில் இருந்தவர் தம் பணித்தொகுப்பைத் திரும்பிப் பார்க்கும்போது, முகவரிகள் பல திறப்பதில்லை. சிலவற்றில் தொடர்பே இல்லாத விளம்பரங்கள் தோன்றுகின்றன. சிலவற்றில் தளம் இருக்கிறது. ஆனால், அதனை வேறொருவர் முழுவதுமாக மாற்றி அமைத்திருக்கிறார். தச்சர் செய்த கதவு மூன்று தலைமுறைகளைக் காண்கிறது. அச்சிட்ட நூலின் ஒரு படியாவது ஏதோ ஒரு நூலகத்தில் எஞ்சுகிறது. மாதக்கணக்கில் உழைத்து உருவாக்கிய வலைத்தளமோ பத்து ஆண்டுகளுக்குள் சுவடின்றி மறைந்துவிடுகிறது.

இது ஒரு சிலருக்கு மட்டும் நேர்வதன்று. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024 ஆம் ஆண்டில் இதுகுறித்த ஆய்வு ஒன்றை வெளியிட்டது. 2013 ஆம் ஆண்டில் இருந்த வலைப்பக்கங்களுள் 38 விழுக்காடு, 2023 ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் கிடைக்கவில்லை என்று அவ்வாய்வு தெரிவிக்கிறது.

ஒரு வலைத்தளம் நிலைத்திருக்க மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும். முதலாவது, அதன் முகவரி. இது விலைக்கு வாங்கும் சொத்தன்று. குறிப்பிட்ட காலத்திற்குப் பதிவு செய்து, கட்டணம் செலுத்திப் புதுப்பித்துக்கொள்ள வேண்டிய உரிமையாகும். இரண்டாவது, தளத்தின் கோப்புகளைத் தாங்கி நிற்கும் வழங்கிக் கணினி. பெரும்பாலும் இதுவும் வாடகைக்குப் பெறப்படுவதே. மூன்றாவது, அக்கோப்புகளைப் படித்துத் திரையில் காட்டும் உலாவி. முகவரியும் வழங்கியும் பணத்தைச் சார்ந்தவை. உலாவியோ தொழில்நுட்பத்தின் போக்கைச் சார்ந்தது. கட்டணம் தவறாமல் செலுத்தியும் தளங்கள் செயலிழந்ததுண்டு. அதற்கான காரணத்தை அறிய வலைவடிவமைப்பின் வரலாற்றைச் சற்றே காண வேண்டும்.

அட்டவணைக் காலம்

சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ, 1989 ஆம் ஆண்டில் உலகளாவிய வலைக்கான திட்டத்தை முன்வைத்தார். 1991 ஆம் ஆண்டில் அது வெளியுலகிற்கு அறிமுகமானது. இத்தொழில்நுட்பத்தை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அறிவித்தது. அதே ஆண்டில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த மொசைக் உலாவி, எழுத்தையும் படத்தையும் ஒரே பக்கத்தில் சேர்த்துக் காட்டியது. பக்கத்தை அழகுறச் செய்ய வேண்டும் என்னும் விருப்பம் வலுப்பெற்றது. இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது.

வலைப்பக்கங்களை எழுதப் பயன்படும் எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழி, ஆய்வாளர்கள் தம் கட்டுரைகளைப் பகிர்ந்துகொள்வதற்காக உருவானது. இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல், இது மற்றொரு பக்கத்திற்கான இணைப்பு என்று உணர்த்த அதனால் இயலும். நாளிதழைப்போல் பத்தி பிரித்து அடுக்கவும், படத்தை விரும்பிய இடத்தில் நிறுத்தவும் அதில் தொடக்கத்தில் வழியில்லை. எனவே, புள்ளிவிவரங்களைக் காட்டுவதற்காக அமைந்த அட்டவணையை வடிவமைப்பாளர்கள் கையில் எடுத்தனர். பக்கம் முழுவதையும் கண்ணுக்குத் தெரியாத ஓர் அட்டவணையாக்கி, அதன் கட்டங்களில் எழுத்தையும் படத்தையும் நிரப்பினர். இடைவெளி வேண்டிய இடத்தில், ஒரே ஒரு படப்புள்ளி அளவுள்ள நிறமற்ற படத்தை வைத்து அதனை இழுத்து நீட்டினர். டேவிட் சீகல் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர் 1996 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் இந்த உத்தியைப் பரப்பியது.

அக்கால இணைப்பின் வேகமும் குறைவு. நொடிக்கு 28.8 கிலோபிட் வேகமுள்ள தொலைபேசி இணைப்பில், 100 கிலோபைட் அளவுள்ள ஒரு படம் வந்துசேர ஏறத்தாழ அரை நிமிடம் ஆகும். ஆகவே, படத்தின் அளவைக் குறைப்பதும், பெரிய படத்தைத் துண்டுகளாக்கிக் கட்டங்களில் பொருத்துவதும் தொழில்திறனாகக் கருதப்பட்டன. நெட்ஸ்கேப், இன்டர்நெட் எக்ஸ்புளோரர் ஆகிய இரு உலாவிகளும் ஒரே பக்கத்தை வெவ்வேறாகக் காட்டின. “இத்தளத்தை இந்த உலாவியில் காண்க” என்னும் அறிவிப்பு பல முகப்புகளில் இடம்பெற்றது.

இம்முறையால் இரண்டு குறைகள் விளைந்தன. அறுபது பக்கங்கள் உள்ள தளத்தில் தலைப்பின் நிறத்தை மாற்ற வேண்டுமெனில், அறுபது பக்கங்களையும் திறந்து திருத்த வேண்டியிருந்தது. மேலும், கட்டங்களுள் சிதறிக் கிடந்த எழுத்துகளைப் பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைபடிப்பான் மென்பொருள் வரிசை மாற்றிப் படித்தது. கண்ணுக்கு ஒழுங்காகத் தோன்றிய பக்கம், காதுக்கு ஒழுங்கற்றதாயிற்று.

அசையும் முகப்புகள்

1996 ஆம் ஆண்டின் இறுதியில் அறிமுகமான பிளாஷ் மென்பொருள், வலைத்தளங்களுக்கு அசைவையும் ஒலியையும் வழங்கியது. எழுத்துகள் பறந்துவந்து அமர்ந்தன. பொத்தானைத் தொட்டால் இசை எழுந்தது. பணி தருவோர் இதனைப் பெரிதும் விரும்பினர். இரண்டாயிரமாவது ஆண்டை ஒட்டிய காலத்தின் பணித்தொகுப்புகளில் மிகுந்த உழைப்பையும் கற்பனையையும் காட்டியவை பிளாஷ் தளங்களே.

அவை இயங்குவதற்கு உலாவியுடன் தனி நிறுவனத்தின் துணைமென்பொருள் ஒன்றும் தேவைப்பட்டது. தளத்திலுள்ள எழுத்துகள் ஒரே கோப்பினுள் பூட்டப்பட்டிருந்ததால், தேடுபொறிகள் அவற்றைப் படிக்கத் தடுமாறின. தளத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் இணைப்புத் தருவதும் கடினமாக இருந்தது. 2007 ஆம் ஆண்டில் வெளியான ஐபோன் பிளாஷை ஏற்கவில்லை. மெல்ல மெல்லப் பயன்பாடு குறைந்து, 2020 திசம்பர் 31 அன்று அடோபி நிறுவனம் பிளாஷிற்கான ஆதரவை முடித்துக்கொண்டது. அடுத்த மாதமே அம்மென்பொருள் இயங்காதவாறு தடுக்கப்பட்டது. கோப்புகள் வழங்கியில் இருந்தும், முகவரிக்குக் கட்டணம் செலுத்தியிருந்தும், முழுவதும் பிளாஷில் அமைந்த தளங்கள் திறக்கவில்லை. ஓர் உடைமையாளரின் கருவியை மட்டும் நம்பிய படைப்பு, அக்கருவியின் முடிவோடு தானும் முடிந்தது.

உள்ளடக்கமும் ஒப்பனையும்

இதற்கு மாற்றான வழியும் அக்காலத்திலேயே உருவாகி வந்தது. பக்கத்தில் சொல்லப்படும் செய்தி வேறு. அதன் நிறம், அளவு, அமைவு ஆகிய ஒப்பனை வேறு. இவ்விரண்டையும் தனித்தனிக் கோப்புகளில் வைக்க வேண்டும் என்னும் கருத்தை நார்வே நாட்டைச் சேர்ந்த ஹோகோன் வியூம் லீ 1994 ஆம் ஆண்டில் முன்மொழிந்தார். சி.எஸ்.எஸ். எனப்படும் பாணித்தாள் முறை இவ்வாறு பிறந்தது. வலைக்கான பொதுத்தரங்களை வகுக்கும் உலகளாவிய வலைச் சேர்த்தியம் 1996 திசம்பரில் இதனை ஏற்றுப் பரிந்துரைத்தது. உலாவிகள் இதனைச் சரிவர ஏற்கச் சில ஆண்டுகள் ஆயின. பொதுத்தரத்தைப் பின்பற்றுமாறு உலாவி நிறுவனங்களை வற்புறுத்த, வடிவமைப்பாளர்கள் 1998 ஆம் ஆண்டில் ஓர் இயக்கத்தையே தொடங்கினர்.

இம்முறையின் ஆற்றலைக் கனடா நாட்டு வடிவமைப்பாளர் டேவ் ஷே 2003 ஆம் ஆண்டில் எளிய முறையில் மெய்ப்பித்தார். அவர் ஒரே ஒரு பக்கத்தை எழுதி இணையத்தில் வைத்தார். அதன் ஒரு சொல்லையும் மாற்றாமல், பாணித்தாளை மட்டும் மாற்றிப் புதிய தோற்றம் தருமாறு பிற வடிவமைப்பாளர்களை அழைத்தார். சி.எஸ்.எஸ். ஜென் கார்டன் என்னும் அத்தளத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட தோற்றங்கள் சேர்ந்தன. ஒன்று பூங்காவைப்போல் இருந்தது; மற்றொன்று பழைய சுவரொட்டியைப்போல் இருந்தது. உள்ளிருந்த உரை ஒன்றே.

கைப்பேசி பரவலானபோது இந்தப் பிரிவினையின் பயன் மேலும் விளங்கியது. திரையின் அகலத்திற்கு ஏற்பப் பக்கம் தானே தன்னை மாற்றி அமைத்துக்கொள்ளும் ‘தகவமை வடிவமைப்பு’ முறையை ஈத்தன் மார்கோட் 2010 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் விளக்கினார். உள்ளடக்கமும் ஒப்பனையும் பிரிந்திருந்த பழைய தளங்களுக்குப் புதிய பாணித்தாள் எழுதினாலே பெருமளவு போதுமானதாயிற்று. அட்டவணையில் சிக்கிய தளங்களை முதலிலிருந்து கட்ட வேண்டியிருந்தது.

தமிழ்த் தளங்கள் பட்ட பாடு

ஆங்கிலத் தளங்களில் பழுதுபட்டது பெரும்பாலும் தோற்றமே. தமிழ்த் தளங்களிலோ எழுத்தே பழுதுபட்டது. இதனால் தமிழ் வலைவடிவமைப்பாளரின் பணி இருமடங்கு கடினமாயிற்று.

தமிழ் இணையத்தில் மிக முன்னதாகவே நுழைந்தது. சிங்கப்பூரில் 1995 ஆம் ஆண்டில் அந்நாட்டின் நான்கு மொழிக் கவிதைகளும் வலையேறியபோது தமிழும் அவற்றுள் ஒன்றாக இருந்தது. அதற்கு உழைத்தவர் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி. ஆயினும், அக்காலக் கணினிகளில் தமிழ் எழுத்துகளுக்கு அனைவரும் ஏற்ற எண்வரிசை நடைமுறையில் இல்லை. எழுத்துரு உருவாக்கிய ஒவ்வொருவரும் தமக்கு உகந்த இடங்களில் தமிழ் எழுத்துகளை வைத்தனர். ஒரு தளத்தைப் படிக்க அத்தளத்தின் எழுத்துருவை இறக்கி நிறுவ வேண்டும்; அடுத்த தளத்திற்கு வேறோர் எழுத்துரு வேண்டும். எழுத்துரு இல்லாத கணினியில் திருக்குறளும் பொருளற்ற உரோமன் எழுத்துக் குவியலாகவே தோன்றும். இதனைத் தவிர்க்கச் செய்தித்தளங்கள் சில, பக்கத்தோடு எழுத்துருவும் சேர்ந்து வந்திறங்கும் ‘இயங்கு எழுத்துரு’ முறையைக் கையாண்டன. அதுவும் எல்லா உலாவிகளிலும் இயங்கவில்லை.

பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சல் வழியே கூடி விவாதித்து, டிஸ்கி என்னும் குறியேற்றத்தை உருவாக்கினர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டையொட்டி, டேம், டேப் ஆகிய குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் தரப்படுத்தப்பட்டன. இவையெல்லாம் பெரும் முன்னேற்றங்கள். எனினும், குறியேற்றம் ஒன்றுக்கு மேற்பட்டதாகவே இருந்தது. ஒரே சொல் ஒவ்வொரு குறியேற்றத்திலும் வெவ்வேறு எண்களாகப் பதிவானதால், ஒரு தளத்தில் தேடிய சொல் அடுத்த தளத்தில் அகப்படவில்லை.

தெரிந்துதெளிவோம்

கணினி எழுத்தை எண்ணாகவே சேமிக்கிறது. ஒருங்குறியில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. ‘அ’ என்பதன் எண் 2949. ‘க’ என்பதன் எண் 2965. பழைய குறியேற்றங்களில் ‘கொ’ என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில் ஒற்றைக்கொம்பு, க, கால் என மூன்று துண்டுகளாகப் பதிவாகும். ஒருங்குறியில் ‘க’ என்பதன் எண்ணும், அதனை அடுத்து ஒகரக் குறியின் எண்ணாகிய 3018 உம் பதிவாகின்றன. எழுத்தின் வடிவத்தைவிட எழுத்தின் இயல்பு முதன்மை பெறுவதால், தேடலும் அகரவரிசைப்படுத்தலும் எளிதாகின்றன.

உலக மொழிகள் அனைத்திற்கும் பொதுவான ஒருங்குறியில் 1991 ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அதனை ஏற்றுக்கொள்ளும் இயங்குதளங்கள் வரும்வரை வடிவமைப்பாளர்கள் காத்திருக்க நேர்ந்தது. விண்டோஸ் 2000 இயங்குதளம் ‘லதா’ என்னும் ஒருங்குறி எழுத்துருவுடன் வெளிவந்தபின் நிலை மாறத் தொடங்கியது. தமிழ்நாடு அரசு 2010 ஆம் ஆண்டில் ஒருங்குறியைத் தமிழுக்கான தரமாக ஏற்றது.

இம்மாற்றத்தைத் தாண்டி வந்த பணிக்குச் சிறந்த சான்று மதுரைத் திட்டமாகும். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் தலைமையில், 1998 பொங்கல் திருநாளில் இது தொடங்கியது. பல நாட்டுத் தன்னார்வலர்கள் தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து, பிழைதிருத்தி, எவரும் கட்டணமின்றிப் பெறுமாறு வெளியிட்டனர். டிஸ்கியில் வெளியிட்ட நூல்களை, ஒருங்குறி பரவியபின் அதற்கு மாற்றி மீண்டும் வெளியிட்டனர். இத்தளத்தில் கண்கவர் அசைவுகள் இல்லை. எழுத்தே அதன் செல்வம். அதனைக் காலந்தோறும் புதிய குறியேற்றத்திற்கு மாற்றியதே அதனைக் காத்தது. அவ்வாறு மாற்றுவாரில்லாத சிற்றிதழ்த் தளங்களும் தனியார் பக்கங்களும் எத்தனையோ உண்டு. அவற்றின் கோப்பு எங்கேனும் எஞ்சியிருந்தாலும், உரிய எழுத்துருவோ மாற்றியோ இல்லாமல் அதிலுள்ள கவிதையைப் படிக்க இயலாது.

கைவிட்டவையும் காத்தவையும்

அமெரிக்காவில் 1994 ஆம் ஆண்டில் தொடங்கிய ஜியோசிட்டீஸ், எவரும் கட்டணமின்றித் தமக்கெனப் பக்கம் அமைத்துக்கொள்ள இடமளித்தது. பலர் வலைவடிவமைப்பைக் கற்றுக்கொண்டதே அங்குதான். 1999 ஆம் ஆண்டில் அதனை வாங்கிய யாகூ நிறுவனம், 2009 அக்டோபரில் அச்சேவையை மூடியது. எண்ணற்ற மக்களின் முதல் முயற்சிகள் ஒரே நாளில் முகவரி இழந்தன. தன்னார்வலர்கள் இரவுபகலாக முயன்று, கிடைத்தவற்றை எல்லாம் படியெடுத்தனர்.

இவ்வாறு படியெடுப்பதையே கடமையாகக் கொண்டது, புரூஸ்டர் கேல் 1996 ஆம் ஆண்டில் சான்பிரான்சிஸ்கோவில் நிறுவிய இணைய ஆவணகம். வலைப்பக்கங்களை அவ்வப்போது படியெடுத்துச் சேமிக்கும் இதன் தொகுப்பு, 2001 ஆம் ஆண்டில் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. மறைந்த தளத்தின் முகவரியை அங்கு இட்டால், படியெடுத்த நாள்களின் பட்டியல் தோன்றும். வடிவமைப்பாளர் பலர் தம் இளமைக்காலப் பணிகளை மீண்டும் காண்பது இவ்வாவணகத்தில்தான். 2020 ஆம் ஆண்டில் பிளாஷ் படைப்புகளையும், அவற்றை இயக்கிக் காட்டும் புதிய மென்பொருளின் துணையோடு இவ்வாவணகம் காக்கத் தொடங்கியது.

தற்செயலாகப் பிழைத்த தளங்களும் உண்டு. 1996 ஆம் ஆண்டில் வெளியான ‘ஸ்பேஸ் ஜாம்’ என்னும் திரைப்படத்திற்காக அமைக்கப்பட்ட வலைத்தளம், அட்டவணைக் காலத்தின் அடையாளங்களுடன் மாற்றமின்றி நீடித்தது. 2021 ஆம் ஆண்டில் அப்படத்தின் அடுத்த பகுதி வந்தபோது, பழைய தளத்தை அழிக்காமல் வேறு முகவரிக்கு மாற்றிக் காத்தனர். எளிய குறிமொழியில் எழுதப்பட்டதால் இன்றைய உலாவியும் அதனைப் படிக்கிறது. இதற்கு மாறாக, உலகின் முதல் வலைத்தளம் அதன் தொடக்க முகவரியில் நெடுங்காலம் இல்லாதிருந்தது. அதனை மீட்டு அதே முகவரியில் வைக்கும் பணியைச் செர்ன் 2013 ஆம் ஆண்டில் மேற்கொண்டது. வலையைப் படைத்தவர்களுக்கே தம் முதல் பக்கத்தைத் தேடி மீட்க வேண்டிய நிலை ஏற்பட்டது.

பழைய பணி கற்பிக்கும் பாடம்

பழைய பணிகளைத் திரும்பிப் பார்க்கும் வடிவமைப்பாளர் முதலில் காண்பது, தாம் பெருமைப்பட்ட அழகுகளே முதலில் மறைந்தன என்பதைத்தான். ஒவ்வொரு காலத்திலும் ஓர் அலங்காரம் உயர்வாகக் கருதப்பட்டு, சில ஆண்டுகளில் வழக்கொழிந்தது. அதனால் அழகு தேவையற்றது என்று கொள்ளலாகாது. பார்ப்பவரை நிறுத்திப் படிக்கச் செய்வது அழகே. ஆனால், அழகு மாறும்போது அதனோடு செய்தியும் அழிந்துபோகாதவாறு அமைப்பதே வடிவமைப்பாளரின் பொறுப்பு.

அனுபவமிக்கோர் இப்பொறுப்பைச் சில நடைமுறைகளாகக் கடைப்பிடிக்கின்றனர். தளத்தின் முகவரியைப் பணி தந்தவரின் பெயரிலேயே பதிவு செய்கின்றனர். வடிவமைப்பாளர் தொழிலை விட்டாலும் முகவரி உரியவரிடம் இருக்கும். எழுத்தைப் படமாக மாற்றாமல் ஒருங்குறியில் எழுத்தாகவே இடுகின்றனர். ஒவ்வொரு படத்திற்கும் அதனை விளக்கும் மாற்றுரை தருகின்றனர். படம் தோன்றாவிடினும், பார்ப்பவருக்குப் பார்வை இல்லாவிடினும் செய்தி சென்றுசேரும். தளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய பக்க முகவரிகளைப் புதியவற்றோடு இணைக்கின்றனர். பணி முடிந்ததும் கோப்புகளின் முழுப் படியைப் பணி தந்தவரிடம் ஒப்படைத்து, தம்மிடமும் ஒரு படி வைத்துக்கொள்கின்றனர். இவை எவையும் முகப்பில் தோன்றுவதில்லை. பணித்தொகுப்பின் படங்களிலும் இடம்பெறுவதில்லை. தளத்தின் வாழ்நாளை நீட்டிப்பவை இவையே.

ஓலைச்சுவடி ஒன்று நெடுங்காலம் வாழ்ந்ததற்கு ஓலையின் வலிமை மட்டும் காரணமன்று. செல்லரிக்கும் முன்னர் அதனைப் புதிய ஓலையில் படியெடுத்தவர் இருந்தார். அவர்க்குத் தெரிந்த எழுத்தில் அது இருந்தது. மின்னெழுத்திற்கும் இவ்விரண்டுமே தேவை. அனைவரும் படிக்கத்தக்க பொதுத்தரத்தில் எழுதுவதும், காலந்தோறும் படியெடுத்துக் காப்பதும் ஒருசேர நிகழ்ந்தால், இன்று தமிழில் வலையேறும் எழுத்துகள் அடுத்த தலைமுறைக்கும் கிடைக்கும். வலைப்பக்கம் அமைப்பது இன்று பள்ளி மாணவருக்கும் எளிதாகிவிட்டது. ஆகவே, இப்பொறுப்பு தொழில்முறை வடிவமைப்பாளரைப்போலவே அவர்களுக்கும் உரியதாகிறது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பள்ளிக்கு ஒரு வலைத்தளம் அமைப்பதாயின், பத்து ஆண்டுகளுக்குப் பின்னும் நிலைத்திருக்க வேண்டிய செய்திகள் யாவை எனக் கலந்துரையாடிப் பட்டியலிடுக.

2. மறைந்துபோன தமிழ் வலைத்தளம் ஒன்றின் பழைய பக்கத்தை இணைய ஆவணகத்தில் தேடிக் கண்டு, இன்றைய தளங்களிலிருந்து அது வேறுபடும் கூறுகளை எழுதுக.

3. ‘ஓலைச்சுவடியும் வலைப்பக்கமும்’ என்னும் தலைப்பில், இரண்டும் அழியும் முறைகளையும் காக்கும் வழிகளையும் ஒப்பிட்டு வகுப்பறையில் உரையாற்றுக.